2015-இல் மறைந்தவர்களை நினைவுகூர: பெங்களூரு வாசகர் வட்டத்துக்கு ஒரு பதில்

கேள்வி: பெங்களூருவில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு வாசகர் வட்டம் நடத்துகிறோம். மாதம் ஒருமுறை ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு, அந்த ஆண்டில் மறைந்த முக்கியமானவர்களை நினைவுகூரலாம் என்று திட்டம். 2015-இல் தொடங்குகிறோம். இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும். பட்டியலில் இப்போதே முப்பது பெயர்கள் சேர்ந்துவிட்டன. யாரை வைப்பது, யாரை விடுவது? தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத பிள்ளைகளும் வருவார்கள்.

பதில்:

முப்பது பேரை இரண்டு மணி நேரத்தில் சொல்ல முயன்றால் ஆளுக்கு நான்கு நிமிடம் வரும். பிறந்த ஊர், வாங்கிய விருது, இறந்த தேதி ஆகிய மூன்றையும் சொல்லி முடிப்பதற்குள் அந்த நான்கு நிமிடமும் தீர்ந்துவிடும். இந்த ஊரில் நான் போய் உட்கார்ந்த அஞ்சலிக் கூட்டங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் நடந்தன. வாசலைத் தாண்டும்போது ஒருவர் பெயரும் மனத்தில் தங்கியிருக்காது. ஆகவே எட்டுப் பத்துப் பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றவர்களின் பெயரையும் தேதியையும் ஒரு தாளில் அச்சிட்டு வருகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

அந்த எட்டுப் பத்துப் பேரை எப்படித் தேர்வது? புகழை அளவுகோலாக வைக்காதீர்கள். அவர் விட்டுச்சென்றதில் ஏதேனும் ஒன்றை அந்த அறையிலேயே கேட்கவோ பார்க்கவோ வாசிக்கவோ முடிகிறதா என்று பாருங்கள். இறந்தவரை நினைத்து இரங்கிப் பாடும் நம்முடைய பழைய கையறுநிலைப் பாடல்கள் இந்த வழியில்தான் போயின. புறநானூற்றின் 242-ஆம் பாட்டில் குடவாயிற் கீரத்தனார் ஒல்லையூர்ச் சாத்தனின் மறைவைப் பாடுகிறார். அவன் வென்ற போர்களைப் பட்டியலிடவில்லை. பூத்து நிற்கும் முல்லையைப் பார்த்துப் பேசுகிறார்: இளைஞர்கள் சூடமாட்டார்கள், பெண்கள் பறிக்கமாட்டார்கள், பாணனும் பாடினியும் அணியமாட்டார்கள், சாத்தன் மாய்ந்த பிறகும் நீ பூக்கிறாயா என்று கேட்கிறார். எட்டு வரிக்குள் பாட்டு முடிந்துவிடுகிறது. எதிரே இருக்கும் ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு போனவரைப் பற்றிப் பேசும் முறை அது. உங்கள் கூட்டத்துக்கும் அதையே பரிந்துரைக்கிறேன்.

2015 இதற்கு மிகவும் ஏற்ற ஆண்டு. அந்த ஆண்டு மறைந்த தமிழ்க் கலைஞர்களில் பலர் ஒருவரோடு ஒருவர் சேர்ந்து வேலை செய்தவர்கள். ஒருவரைத் தொட்டால் இன்னொருவர் கூடவே வருவார்.

கூட்டத்தை எப்படியும் தமிழ்த்தாய் வாழ்த்தோடுதான் தொடங்குவீர்கள். அங்கிருந்தே ஆரம்பியுங்கள். ‘நீராருங் கடலுடுத்த’ என்ற அந்த வரிகளை எழுதியவர் மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை. அவருடைய நாடகம் வெளிவந்தது 1891-இல். தமிழ்நாட்டு அரசு விழாக்களில் அது வாழ்த்துப் பாடலாக 1970-இல் ஏற்கப்பட்டபோது மெட்டமைத்தவர் எம்.எஸ். விஸ்வநாதன். மோகன ராகம், மூன்றன் நடை (திஸ்ரம்). டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடிய அந்த ஒலிப்பதிவைக் கேட்டு வளராத தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளை இல்லை. 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, 55 விநாடியில் பாட வேண்டும் என்று வரையறுத்தது. விஸ்வநாதன் 2015 ஜூலை 14 அன்று மறைந்தார். நாற்காலிகள் நகரும் சத்தம் அடங்கி எல்லோரும் எழுந்து நிற்கிற அந்த ஒரு நிமிடத்தில் அவர் இசை அறைக்குள் வந்துவிடுகிறது. பாட்டு முடிந்து அமர்ந்தவுடன், “இப்போது நாம் பாடிய மெட்டு இவருடையது” என்று சொல்லுங்கள். பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்வார்கள்.

அடுத்து ஒரு திரைப்பாடல். விஸ்வநாதன் போட்டதில் எதைத் தேர்வது என்று உங்கள் குழுவில் அடிதடியே நடக்கலாம். அவரவர்க்கு அவரவர் பாட்டு. நான் ஒன்றைச் சொல்கிறேன், அதற்குக் காரணமும் உண்டு. 1961-இல் வந்த ‘பாவமன்னிப்பு’ படத்தின் ‘எல்லோரும் கொண்டாடுவோம்’. கண்ணதாசன் வரிகள், விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை. டி.எம். சௌந்தரராஜனோடு சேர்ந்து அதில் ஒலிக்கும் இன்னொரு குரல் நாகூர் ஈ.எம். ஹனிபாவினுடையது. அவரும் 2015-இல்தான் போனார், ஏப்ரல் 8 அன்று. மெட்டுப் போட்டவரும் பாடியவரும் மூன்று மாத இடைவெளியில் மறைந்திருக்கிறார்கள். பாட்டை முழுவதும் ஒலிக்கவிடுங்கள். சௌந்தரராஜனின் குரலுக்குப் பக்கத்தில் நின்று ஈடுகொடுக்க ஒரு தொண்டைக்கு எவ்வளவு வலு வேண்டும் என்று கேட்பவர்களுக்கே புரியும். முறையாக இசை கற்காதவர் ஹனிபா. பெருங்கூட்டத்தின் கடைசி வரிசை வரை போய்ச் சேரும் உச்சஸ்தாயிக் குரல் அவருக்கு வாய்த்திருந்தது. ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ பாடலை இஸ்லாமியப் பாடல் என்று யாரும் ஒதுக்கிவைத்ததில்லை. எல்லா வீட்டு வானொலியிலும் அது ஒலித்தது. ‘அழைக்கின்றார் அண்ணா’ என்று அவர் பாடியதைக் கேட்டுக் கழகக் கூட்டங்களுக்குப் போனவர்கள் உங்கள் குடியிருப்பின் பெரியவர்களிலும் இருக்கக்கூடும். அவர்களைப் பேசச் சொல்லுங்கள்.

ஹனிபா மறைந்த அதே ஏப்ரல் 8 அன்றுதான் ஜெயகாந்தனும் மறைந்தார். ஒருவர் திராவிட இயக்கத்தின் மேடைக் குரல். இன்னொருவர் அந்த இயக்கத்தை வாழ்நாள் முழுவதும் முகத்துக்கு நேராக விமர்சித்தவர். ஒரே நாள் இருவரையும் கொண்டுபோனது. மறுநாள் நாளிதழ்களில் இருவருக்கும் இடம் கிடைத்தது, ஆனால் ஹனிபாவுக்குத் தனியாக ஒரு நாள் கிடைத்திருந்தால் இன்னும் நிறையப் பேசியிருப்பார்கள் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. அதனால்தான் அவரை ஜெயகாந்தனுக்கு முன்னால் வைக்கச் சொல்கிறேன்.

ஜெயகாந்தனைப் பற்றி எழுத்தாளர் கூட்டங்களில் ஞானபீடம் தொடங்கி வரிசையாகச் சொல்வார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934-இல் பிறந்ததும், சிறுவயதிலேயே கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் வந்து வளர்ந்ததும், 2002-ஆம் ஆண்டுக்கான ஞானபீடமும் தாளில் இருக்கட்டும். அறையில் ‘யுகசந்தி’ கதையைச் சத்தமாக வாசியுங்கள். நெய்வேலியில் ஆசிரியையாக வேலை பார்க்கும் இளம் விதவை கீதா, மறுமணம் செய்துகொள்ளப் போவதாகப் பெற்றோருக்குக் கடிதம் எழுதுகிறாள். வீடே இடிந்துபோகிறது. மகளைத் தலைமுழுகிவிடத் துணிகிறார் தந்தை. மொட்டையடித்த தலையோடு ஒரு வாழ்நாளைக் கழித்த கௌரிப் பாட்டி மட்டும் பேத்தியின் பக்கம் சாய்கிறாள். உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணைச் செத்தவளாகக் கருதத் தயாரான குடும்பத்தில், அதிகமாக இழந்தவள்தான் அவளைப் புரிந்துகொள்கிறாள். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் காது உண்டு. நல்ல குரல் உள்ள ஒருவர் வாசித்தால் கதை தானே நடக்கும். முழுக்கதைக்கும் நேரமில்லை என்றால், கடிதம் வருமிடத்திலிருந்து வாசிக்கலாம்.

ஜெயகாந்தனை விஸ்வநாதனோடு கட்டும் முடிச்சு ஒன்றும் இருக்கிறது. ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருதைக் கொண்டுவந்தது. பிறகு அது ஏ. பீம்சிங் இயக்கத்தில் படமானபோது, ‘கண்டதைச் சொல்லுகிறேன்’ என்ற பாடலை ஜெயகாந்தனே எழுதினார். மெட்டுப் போட்டுப் பாடியவர் எம்.எஸ். விஸ்வநாதன். அந்தக் குரலில் பயிற்சி பெற்ற பாடகரின் வழவழப்பு இருக்காது. தெருவில் நடந்துகொண்டே ஒருவர் தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல் இருக்கும். ‘பாவமன்னிப்பை’ இயக்கியவரும் இதே பீம்சிங்தான். இரண்டு பாடல்களையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டால் பத்து நிமிடம் ஆகாது. மூன்று பேருக்கும் அது அஞ்சலியாகிவிடும்.

இங்கே ஒரு கருத்தையும் சொல்லியாக வேண்டும். இறந்துவிட்டார் என்பதற்காகவே ஒருவரைப் புகழ வேண்டும் என்ற வழக்கத்தை ஜெயகாந்தன் ஏற்றதில்லை. 1969-இல் அண்ணா மறைந்ததை அடுத்து நடந்த கூட்டம் ஒன்றிலேயே அவரைக் கடுமையாக விமர்சித்துப் பேசியவர் அவர். அந்தப் பேச்சு சரியா தவறா என்று இன்றுவரை சண்டை நடக்கிறது. இரங்கல் நாளில் அது முறையில்லை என்பது என் எண்ணம். ஆனால் ஆண்டுகள் கடந்தபின் நடத்தும் கூட்டத்துக்கு அந்தத் தடை பொருந்தாது. ஜெயகாந்தனின் பிற்காலப் பேச்சுகளில் உங்களில் யாருக்காவது உடன்பாடு இல்லையென்றால் அதையும் மேடையிலேயே சொல்லட்டும். அவரைப் படித்தவர்கள் அதைத் தாங்கிக்கொள்வார்கள்.

மனோரமாவை விட முடியாது. 2015 அக்டோபர் 10. நள்ளிரவுக்குச் சற்று முன்னால் இறந்ததால் பல குறிப்புகளில் 11 என்று இருக்கும். தாளில் அச்சிடும்போது கவனியுங்கள். மன்னார்குடியில் பிறந்து பள்ளத்தூரில் வளர்ந்த நாடக நடிகை. முதல் படம் 1958-இல் வந்த ‘மாலையிட்ட மங்கை’. கண்ணதாசன் தயாரித்த அந்தப் படத்துக்கும் இசை விஸ்வநாதன்–ராமமூர்த்திதான். ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்ததற்காகக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றதையும், அண்ணா, கருணாநிதி, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி. ராமராவ் என ஐந்து முதலமைச்சர்களோடு நாடகத்திலோ படத்திலோ நடித்ததையும் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அவருடைய வாய்மொழிதான் பெரிது. சென்னைத் தமிழ், கொங்குத் தமிழ், அய்யராத்துத் தமிழ், செட்டிநாட்டுப் பேச்சு என எதைக் கொடுத்தாலும் அந்த ஊரிலேயே பிறந்தவர்போல் பேசினார். ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் ஜில் ஜில் ரமாமணியாக வரும் காட்சி ஒன்றைப் போட்டுக்காட்டுங்கள். மூக்கால் இழுத்துப் பேசிக்கொண்டே, நாதஸ்வரக் கலைஞர் சண்முகசுந்தரத்தின் மேல் அவள் வைத்திருக்கும் மரியாதையை ஒரு கண்பார்வையில் காட்டுவார். பெங்களூருவில் வளரும் பிள்ளைக்குத் தமிழ் என்றால் வீட்டில் பேசும் ஒரே தமிழ்தான். அதற்குள் எத்தனை தமிழ் இருக்கிறது என்று காட்ட மனோரமாவைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இனி, உங்கள் முப்பது பேர் பட்டியலில் பெரும்பாலும் இருக்கமாட்டார் என்று நான் நினைக்கும் ஒருவர். அரை மணி நேரம் கொடுங்கள் என்று கேட்கும் அளவுக்கு எனக்கு இவர் முக்கியம்.

கலை, இலக்கிய விமர்சகர் வெங்கட் சாமிநாதன். 2015 அக்டோபர் 21 அன்று இதே பெங்களூருவில் காலமானார். மனோரமா மறைந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. கும்பகோணத்தை அடுத்த உடையாளூரில் 1933-இல் பிறந்தவர். பிழைப்புத் தேடி வடக்கே போனார். ஒடிசாவில் மகாநதியின் குறுக்கே ஹிராகுட் அணை எழுந்துகொண்டிருந்த காலத்தில் அங்கே வேலை பார்த்தார். பிறகு டெல்லியில் நெடுங்காலம் மத்திய அரசுப் பணி. ஓய்வுபெற்றுச் சென்னையில் சில காலம், கடைசி ஆண்டுகள் பெங்களூருவில். ஆக, எழுத்து வாழ்க்கையின் பெரும்பகுதியைத் தமிழ்நாட்டுக்கு வெளியே கழித்தவர். சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ பத்திரிகையில் ‘பாலையும் வாழையும்’ கட்டுரையோடு வந்தார். நம் கலைச்சூழல் எவ்வளவு வறண்டு கிடக்கிறது என்று அதில் எழுதியதை அரை நூற்றாண்டு காலம் விடாமல் எழுதிக்கொண்டே இருந்தார். யாருக்கும் வளைந்துகொடுத்ததில்லை. நண்பர்களைப் பற்றியும் மனத்தில் பட்டதையே எழுதினார். அதனால் நண்பர்கள் பலரை இழந்தார்.

வெளியூரில் இருப்பவனுக்குத் தமிழ் இலக்கியத்தில் என்ன வேலை என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. எல்லாம் சென்னையில் நடக்கிறது, நாம் தள்ளி நின்று பார்க்கிறவர்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். சாமிநாதனுக்கோ தள்ளி நின்றதே பலமாக அமைந்தது. டெல்லியில் உலகப் படங்கள் பார்த்தார், வங்க, மலையாள நாடகங்கள் பார்த்தார், ஓவியக் கண்காட்சிகளுக்குப் போனார். அந்தக் கண்ணோடு திரும்பி நம் தெருக்கூத்தையும் மெலட்டூர் பாகவத மேளா நாட்டிய நாடகத்தையும் பார்த்து, இவை எவ்வளவு பெரிய கலைகள் என்று எழுதினார். படித்த தமிழர்களில் பெரும்பாலோர் கூத்தைக் கீழாகப் பார்த்த காலம் அது. ஹிராகுட் நாட்களைப் பற்றி அவர் எழுதிய ‘நினைவுகளின் சுவட்டில்’ நூலைத் தேடிப்பிடியுங்கள். வேற்றூர் மொழி, வேற்றூர்ச் சாப்பாடு, பல மாநிலத்து இளைஞர்களோடு ஒரே வீட்டில் வாசம் என்று அவர் சொல்லிப்போவதைக் கேட்டால், முதன்முதலாக வேலைக்காகப் பெங்களூரு வந்து இறங்கிய நாட்கள் உங்கள் வட்டத்தினருக்கு நினைவு வரும்.

அறையில் காட்டுவதற்கு ‘அக்ரகாரத்தில் கழுதை’ இருக்கிறது. ஜான் ஆபிரகாம் 1977-இல் இயக்கிய படம். திரைக்கதை வெங்கட் சாமிநாதன். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. தாயை இழந்த கழுதைக்குட்டி ஒன்றைக் கல்லூரிப் பேராசிரியர் வீட்டில் வளர்க்கிறார். கேலி தாங்காமல் அதைத் தன் கிராமத்து அக்ரகாரத்துக்குக் கொண்டுபோய் விடுகிறார். ஊரில் எது கெட்டாலும் பழி கழுதை மேல் விழுகிறது. அடித்துக் கொல்கிறார்கள். கொன்ற பிறகு நல்லது நடக்கத் தொடங்குகிறது. உடனே அதற்குக் கோயில் எழுப்பப் பேசுகிறார்கள். பேராசிரியராக நடித்தவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். கழுதைக்குட்டியும், அதோடு பழகும் ஊமைப் பெண்ணும் வரும் காட்சிகளில் வசனமே தேவையில்லை, பிள்ளைகளுக்கும் புரியும். இருபது நிமிடம் போட்டுக்காட்டிவிட்டுப் பேசுங்கள். வணிக சினிமாவைச் சாமிநாதன் எவ்வளவு வன்மையாக எதிர்த்தார் என்பதையும் மறைக்க வேண்டாம். அதற்குச் சற்று முன்புதான் மனோரமாவையும் விஸ்வநாதனையும் கொண்டாடியிருப்பீர்கள். இரண்டு தரப்பையும் ஒரே மாலையில் கேட்பதால் யாருக்கும் குறைவில்லை. எனக்குத் தனிப்பட்ட முறையில் விஸ்வநாதன் இல்லாமல் ஒரு நாள் போகாது. சாமிநாதன் எழுதியதில் பெரும்பகுதி சரி என்றும் நினைக்கிறேன்.

பிள்ளைகளுக்காக இரண்டு பேர். முதலில் ஆர்.கே. லக்ஷ்மண். 2015 ஜனவரி 26, குடியரசு நாளில் புனேவில் மறைந்தார். மைசூருவில் 1921-இல் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, ஆர்.கே. நாராயணின் தம்பி. தமிழ் பேசும் வீடும் கர்நாடகத்து ஊருமாக வளர்ந்தவர் என்பதால் உங்கள் பிள்ளைகளுக்கு நெருக்கமானவர். பம்பாயின் ஜே.ஜே. கலைப்பள்ளி, போதிய திறமை இல்லை என்று அவருக்கு இடம் மறுத்தது. பிறகு அதே பம்பாயில் ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வின் முதல் பக்கத்தில் 1951 முதல் அரை நூற்றாண்டுக்கு மேல் அவருடைய சாமானியன் நின்றான். கட்டம் போட்ட கோட்டு, வேட்டி, கண்ணாடி, முறுக்கேறாத மீசை, பின்னந்தலையில் மட்டும் கொஞ்சம் முடி. சுற்றிலும் அமைச்சர்களும் அதிகாரிகளும் பேசிக்கொண்டிருப்பார்கள். அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. கார்ட்டூன்களை அச்செடுத்து மேசையில் பரப்புங்கள். இன்னொன்று, லக்ஷ்மண் சிறுவயதிலிருந்தே காகங்களை வரைந்தவர். மயிலையும் கிளியையும் எல்லோரும் வரைகிறார்கள், காகத்தை யாரும் கவனிப்பதில்லை என்று நினைத்தவர். பிள்ளைகளிடம் காகிதமும் கரிக்கோலும் கொடுத்து, பால்கனியில் வந்து உட்காரும் காகத்தைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். அதற்குப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை.

இரண்டாமவர் அப்துல் கலாம். ஜூலை 27, ஷில்லாங்கில் மாணவர்களிடம் உரையாற்றிக்கொண்டிருந்தபோது சரிந்தார். அவரைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே நிறையச் சொல்லியிருப்பார்கள். பொன்மொழிகளை வாசிக்க வேண்டாம். அவர் பெயரில் உலவுபவற்றில் பாதி அவர் சொன்னவையே இல்லை. பெங்களூருவில் அவர் செய்ததைச் சொல்லுங்கள். இங்குள்ள வானூர்தி மேம்பாட்டு நிறுவனத்தில் இளம் பொறியாளராக இருந்தபோது, ‘நந்தி’ என்ற ஹோவர்கிராஃப்ட் ஊர்தியைச் சிறு குழுவோடு உருவாக்கினார். தரைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே காற்றை அழுத்தி, அந்தக் காற்றின்மேல் மிதந்து போகும் ஊர்தி. அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன் வந்து அதில் ஏறினார், ஓட்டியவர் கலாம். மேனன் பதவி விலகியபின் ஆதரவு குறைந்து திட்டம் நின்றுபோனது. ஆனால் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் எம்.ஜி.கே. மேனன் அந்த ஊர்தியை வந்து பார்த்திருந்தார். அதைத் தொடர்ந்துதான் விக்ரம் சாராபாய் முன்னிலையில் நேர்முகத் தேர்வு, ராக்கெட் பொறியாளர் வேலை, 1980 ஜூலையில் எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் வெற்றி. கைவிடப்பட்ட ஒரு வேலையிலிருந்து ஒரு வாழ்க்கை திரும்பிய இடம் நம் ஊர்.

கன்னட உலகம் அந்த ஆண்டு இழந்தவர் ஒருவரையாவது சொல்லாமல் பெங்களூருவில் இந்தக் கூட்டத்தை முடிப்பது எனக்கு ஒப்பவில்லை. எம்.எம். கல்புர்கி, ஹம்பி கன்னடப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர், வசனங்கள் எனப்படும் கன்னடச் சிவபக்திப் பாடல்களின் ஆய்வாளர், கல்வெட்டறிஞர். ஆகஸ்ட் 30 காலையில் தார்வாடில் அவருடைய வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதைக் கண்டித்து நாடெங்கும் எழுத்தாளர்கள் விருதுகளைத் திருப்பித் தந்தார்கள். உங்கள் குடியிருப்பில் உள்ள கன்னட நண்பர் ஒருவரை அழைத்து, உள்ளவர்கள் சிவனுக்குக் கோயில் கட்டுவார்கள், இல்லாதவன் நான் என்ன செய்வேன், என் கால்களே தூண், உடம்பே கோயில் என்று பொருள்படும் பசவண்ணரின் வசனத்தைக் கன்னடத்தில் சொல்லச் சொல்லுங்கள். அடுத்து உங்களில் ஒருவர் திருமூலரின் ‘உள்ளம் பெருங்கோயில் ஊனுடம்பு ஆலயம்’ பாடலைச் சொல்லட்டும். கல்புர்கி வாழ்நாளைச் செலவிட்டது எதற்காக என்று அதைவிடச் சுருக்கமாக விளக்க முடியாது.

மற்றவர்களைப் பற்றிச் சுருக்கமாக. மதுவிலக்குக்காகப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள், ஜூலை 31 அன்று மார்த்தாண்டம் அருகே ஒரு மதுக்கடையை அகற்றக் கோரிச் செல்பேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடும்போது உயிரிழந்தார். கலாமின் உடல் ராமேஸ்வரத்தில் அடக்கம் செய்யப்பட்டதற்கு மறுநாள் அது. நாடே கலாமைப் பற்றிப் பேசிய வாரத்தில் இவர் பெயர் வெளி மாநிலங்களில் கேட்கவே இல்லை. ‘அமுதசுரபி’ இதழை அரை நூற்றாண்டு நடத்திய விக்கிரமன், சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்த டிசம்பர் 1 அன்று மறைந்தார். ‘பொன்னியின் செல்வ’னின் தொடர்ச்சியாக ‘நந்திபுரத்து நாயகி’ எழுதியவர். மின்சாரமும் தொலைபேசியும் இல்லாத அந்த நாட்களில் அவருக்கு யார் அஞ்சலிக் கூட்டம் போட்டிருக்க முடியும்? மதுரைத் தமிழறிஞர் தமிழண்ணல் டிசம்பர் 29 அன்று போனார். ஆண்டிறுதிப் பட்டியல்கள் டிசம்பர் நடுவிலேயே தயாராகிவிடுவதால் கடைசி வாரத்தில் மறைகிறவர்கள் எந்த ஆண்டிலும் சேராமல் போகிறார்கள். கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா ஜூன் 16 அன்று மும்பையில் மறைந்தார். விதான சௌதாவுக்கு அருகே நிற்கும் விஸ்வேஸ்வரய்யா கோபுரம் அவர் வடிவமைத்தது. இந்த நால்வருக்கும் ஆளுக்கு இரண்டு நிமிடம் கொடுத்தாலே போதும், ஆனால் கட்டாயம் கொடுங்கள்.

தேதிகளைச் சரிபார்ப்பது பற்றி. 2015 பட்டியல்களில் கே. பாலசந்தர் பெயரைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர் மறைந்தது 2014 டிசம்பர் 23. இரங்கல் கூட்டங்கள் ஜனவரியில் நடந்ததால் வரும் குழப்பம். டி.கே. ராமமூர்த்தியை விஸ்வநாதனோடு சேர்த்து எழுதிவிடுகிறார்கள். அவர் 2013 ஏப்ரலிலேயே போய்விட்டார். பெங்களூருவில் மறைந்த கன்னட எழுத்தாளர் யு.ஆர். அனந்தமூர்த்தி 2014 ஆகஸ்ட். செல்பேசியில் சுற்றும் படங்களை நம்பாமல், மறுநாள் வந்த நாளிதழைப் பாருங்கள்.

பதினைந்து படங்களை வரிசையாக வைத்து மாலை போட வேண்டுமா என்றும் சிலர் கேட்கக்கூடும். ஒரு விளக்கு போதும். மாலைக்கு ஆகும் பணத்தில் ஜெயகாந்தன் சிறுகதைத் தொகுதியும் வெங்கட் சாமிநாதனின் கட்டுரைத் தொகுதியும் வாங்கி உங்கள் குடியிருப்பு நூலகத்தில் வையுங்கள், பெரியவர்கள் எடுத்துப்போவார்கள். அல்சூர் ஏரிப் பக்கம் தமிழ்ச் சங்கத்துக்குப் போகிறவர்கள் அங்குள்ள நூலகத்தில் பழைய நூல்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்த மாதம் 2016 என்று நினைக்கிறேன். அந்த ஆண்டின் டிசம்பர் 5 ஜெயலலிதா, 7 சோ. இருவரைப் பற்றிப் பேசவே இரண்டு மணி நேரமும் போதாது என்று தோன்றும். ஜூலை 27 கவிஞர் ஞானக்கூத்தனையும், ஆகஸ்ட் 14 பாடலாசிரியர் நா. முத்துக்குமாரையும், நவம்பர் 22 கர்நாடக இசைக் கலைஞர் பாலமுரளிகிருஷ்ணாவையும், டிசம்பர் 1 கவிஞர் இன்குலாபையும் முதலில் எழுதிக்கொண்டு அவர்களுக்கு ஒரு மணி நேரத்தை ஒதுக்கிவிடுங்கள். மிச்சமிருக்கும் ஒரு மணி நேரத்தில் அரசியலைப் பேசிக்கொள்ளலாம்.